பணமே நடுவர்: ஸ்டீமிட்டும் ஹைவும்

எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்கும் டோக்கனாகப் பணம் தரும் சமூக வலைத்தளம் ஸ்டீமிட். நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் 2016-இல் தொடங்கியது. இது இயங்கும் ஸ்டீம் பிளாக்செயினில் 3 விநாடிக்கு ஒரு தொகுதி சேர்கிறது. அதில் ஏறிய பதிவை அழிக்க முடியாது. திருத்தினாலும் பழைய வடிவம் சங்கிலியிலேயே கிடக்கும். ஒரு தளம் வேண்டுமானால் தன் திரையில் அதை மறைக்கலாம். அதே சங்கிலியைப் படிக்கும் இன்னொரு தளத்தில் அது தெரியும்.

நீக்க வழியில்லாத இடத்தில் கண்டிக்கும் கருவியாக இருப்பது எதிர்வாக்கு. பதிவுக்குச் சேர்ந்த பணம் 7 நாள் கழித்தே கைக்கு வரும். அதற்குள் விழும் எதிர்வாக்கு தொகையைக் குறைக்கும், ஒன்றுமில்லாமலும் ஆக்கிவிடும். கழிந்த தொகை எதிர்வாக்களித்தவருக்குப் போவதில்லை, பொதுத் தொகுப்பில் நின்று மற்றப் பதிவுகளுக்குப் பிரியும். எழுதியவரின் நன்மதிப்பு எண்ணும் இறங்கலாம். புதுக் கணக்கு 25-இல் தொடங்குகிறது. எண் சுழியத்துக்குக் கீழே போனால் அவர் எழுதுவது மறைக்கப்படும். தன்னைவிட எண் கூடியவரின் மதிப்பை மட்டும் யாராலும் இறக்க முடியாது. மூத்தவர்களுக்கு வசதியான விதி.

ஆளுக்கொரு வாக்கு என்ற கணக்கும் இங்கே இல்லை. பூட்டிவைத்த டோக்கன் எவ்வளவோ, அவ்வளவே வாக்கின் எடை. பெரும் இருப்பு வைத்திருப்போரைப் பயனர்கள் ‘திமிங்கிலம்’ என்கிறார்கள். ஒரு திமிங்கிலத்தின் ஒரே சொடுக்கு நூறு சிறு வாக்குகளை விழுங்கிவிடும். அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டவருக்கும், திமிங்கிலத்தோடு வாதம் செய்தவருக்கும் விழுவது ஒரே எதிர்வாக்குதான். காரணம் சொல்லும் கட்டாயம் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

புதியவர்கள் கழன்றுகொள்ளும் இடம் இது. மற்றத் தளங்களில் லைக் விழாவிட்டால் மனவருத்தத்தோடு போயிற்று. இங்கே பதிவின் அடியில் தெரியும் தொகையைப் பயனர் தன் பணமாகவே எண்ணத் தொடங்கிவிடுகிறார். ஐந்தாம் நாள் அது காணாமல் போனால், விதிப்படி அது இன்னும் அவருடையது ஆகவில்லை என்ற விளக்கம் யாருக்கு வேண்டும்? டோக்கன் விலை சரிந்த காலத்தில் பணத்துக்காக வந்தவர்கள் தங்கக் காரணமும் குறைந்தது. 2018 நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனமே 70% ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது.

2019 ஆகஸ்டில் விதிகள் மாறின. அதுவரை எதிர்வாக்களித்தவர் தன் வாக்குத் திறனையே செலவிட வேண்டியிருந்ததால், ஏலத்தில் வாக்கு விற்ற ‘பாட்’ என்னும் தானியங்கிக் கணக்குகளைத் தட்டிக்கேட்க ஆளில்லை. புதிய விதி, திறனில் 25% அளவுக்குத் தனி எதிர்வாக்கு இருப்பு தந்தது. எழுதியவருக்கும் வாக்களித்தவருக்கும் 75-க்கு 25 என்றிருந்த பங்கீட்டைச் சரிபாதி ஆக்கியது. வாக்கு வியாபாரம் படுத்தது. இலவசமாகக் கிடைத்த எதிர்வாக்கு சொந்தப் பகைக்கும் கைகொடுத்தது.

2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கியதும், சங்கிலியை நடத்துவோரைத் தேர்ந்தெடுப்பதும் டோக்கன்தான் என்பது எல்லோருக்கும் உறைத்தது. எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர் வைத்திருந்த டோக்கன்களும் சன் தரப்புக்கு வாக்காயின. எதிர்த்தவர்கள் மார்ச் 20 அன்று ஹைவ் என்ற தனிச் சங்கிலியாகப் பிரிந்தனர். ஹைவ் குழுக்களில் மட்டுறுத்துநர்கள் உண்டு. தங்கள் குழுவுக்குள் ஒரு பதிவை மறைக்க அவர்களால் முடியும், அதன் பணத்தைத் தொட முடியாது. பணத்தைக் குறைக்கும் எதிர்வாக்கின் எடையை ஹைவிலும் பூட்டிவைத்த டோக்கன்தான் தீர்மானிக்கிறது.