நாளைக் கிழிக்குமுன்

புத்தாண்டு பிறக்கையில் சிவகாசி நம் இல்லங்களுக்கு இரு வடிவில் வந்து சேர்கின்றது. ஒன்று வாசலில் வெடிக்கும் பட்டாசு. மற்றொன்று சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். முன்னது நொடியில் முடிந்துபோகும். பின்னதோ ஆண்டு முழுவதும் நம்மோடிருக்கும். இவ்விரண்டில் எதைப் போன்ற மகிழ்ச்சியை நாம் நாடுகின்றோம்?

வெடியின் மகிழ்ச்சிக்கு எல்லையுண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, புத்தாண்டு இரவில் 11.55 முதல் 12.30 வரை, அதாவது 35 நிமிடங்களையே அதற்கு ஒதுக்கிற்று. அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுப்போரும் உளர். 2022 ஜனவரி 1 அன்று காலை, நாமெல்லாம் வாழ்த்துக் கூறிக்கொண்டிருந்த வேளையில், விருதுநகர் மாவட்டம் களத்தூரில் பட்டாசு ஆலையொன்று வெடித்துத் தொழிலாளர் மாண்டனர். அவர்தம் இல்லங்களில் புத்தாண்டே துக்க நாளாயிற்று.

இத்தொழிலில் உயிர்காக்கும் விதியொன்றுண்டு. கலந்த மருந்தை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். மீந்ததை இரவு முழுவதும் வைத்திருத்தலாகாது. ஈரம் பட்டால் அது தானே சூடேறி வெடிக்கக்கூடும். நம் உள்ளத்திற்கும் இவ்விதி பொருந்துமன்றோ? கணவன் மனைவிக்கிடையே எழுந்த கடுஞ்சொல், மாமியார் மருமகள் மனக்கசப்பு, உடன்பிறந்தாரின் சொத்துத் தகராறு ஆகியவற்றை அன்றன்றே ஆற்றாமல் அடக்கி வைக்கின்றோம். பின்னொருநாள் அற்பக் காரணத்தால் வெடித்துவிட்டு, "எனக்கு ஏன் இத்தனை கோபம் வந்தது?" என நாமே திகைக்கின்றோம். நம்மை நாமே அறியாதிருப்பதன் விளைவு இது.

தன்னையறிய நம் முன்னோர் கைக்கொண்ட வழி ஆன்ம சோதனை. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த ஞானப் பயிற்சிகள் என்னும் நூலில் புனித இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து படிகளை வகுத்தார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறல், தன் குறைகளை அறிய அருள் வேண்டல், நாளை ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி கொள்ளல். களைய விரும்பும் குறையொன்றைத் தெரிந்துகொண்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு வரைந்து, தவறிய போதெல்லாம் புள்ளியிடவும் அவர் கற்பித்தார். நேற்றைவிட இன்று புள்ளிகள் குறைந்தனவா என்று ஒப்பிட்டால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

நன்றியை அவர் முதற்படியாக வைத்தது கவனத்திற்குரியது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியலார் 2003-இல் வெளியிட்ட ஆய்விலும், பெற்ற நன்மைகளை வாரந்தோறும் குறித்து வந்தோர், தொல்லைகளைக் குறித்து வந்தோரைவிட மனநிறைவு மிக்கோராய்க் காணப்பட்டனர்.

ஆகவே இவ்வாண்டில் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்குவோம். இரவில் குடும்ப செபம் முடிந்ததும், அன்றைய காலண்டர்த் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் பெற்ற நன்மை ஒன்றையும் செய்த தவறு ஒன்றையும் எழுதுவோம். அந்தத் தாளை அச்சிட்ட கைகளையும், நம் பிள்ளைகள் மகிழப் பட்டாசு செய்த கைகளையும் நன்றியோடு நினைப்போம். நம்மால் மனம் நொந்தவர் வீட்டிலிருந்தால், அவர் உறங்குமுன் சென்று மன்னிப்புக் கேட்போம். நாளைய தாள் தூயதாய் விடியட்டும்!