கடுகளவு உறுப்புகள்

பொன்னணி செய்வோர் இரண்டு துண்டுகளை இணைக்க இடும் உலோகக் கலவைக்குப் பற்றாசு என்பது பெயர். பொற்கொல்லர் இணைப்பின்மேல் வெண்காரம் இட்டு ஊதுகுழலால் ஊதுவர். பொன் உருகுமுன் பற்றாசு உருகி இடுக்கினுள் ஓடிவிடும். மின்னணுக் கருவிகளின் உறுப்புகளைப் பற்றவைப்பதும் இவ்வகையினதே. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். வெண்காரத்தின் பணியை, மரப்பிசினிலிருந்து பெறும் இளக்கி ஆற்றும்.

பழைய வானொலிப் பெட்டியின் உறுப்புகளுக்கு நீண்ட கம்பிக் கால்கள் உண்டு; அவை பலகையின் துளைகளில் நுழைந்து மறுபுறம் பற்றவைக்கப்பட்டன. 1980-களில் பரவிய முறையிலோ துளை இல்லை. உறுப்பு பலகையின் மேற்பரப்பில், செப்புத் திட்டுகளின்மீதே அமர்கின்றது. 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் உடைய மின்தடை இதில் பெரிதும் வழங்குவது. அதனினும் சிறியனவும் உள. தொழிற்சாலைகளில் இவற்றை இயந்திரங்கள் எடுத்து வைக்கின்றன. ஆண்டிமடம் போன்ற ஊரில் இத்தொழிலைப் பழகும் மாணவனுக்கு அவ்வியந்திரம் ஏது? ஆயினும், அற்ப விலையுள்ள மின்தடை ஒன்று கெட்டதற்காக முழுப் பலகையும் குப்பைக்குப் போகாமல் காக்க அவன் கையே போதும்.

முதலில் 3.2 மில்லிமீட்டர் நீளமுள்ள பெரிய உறுப்புகளை எடுத்து, பயனற்ற பலகையில் பழகுதல் நன்று. இரு செப்புத் திட்டுகளிலும் இளக்கி தடவி, ஒன்றில் மட்டும் சிறிது பற்றாசை உருக்கி இடவேண்டும். பின்பு உறுப்பைச் சிறு இடுக்கியால் பிடித்து, அப்பற்றாசைச் சூட்டுக்கோலால் மீண்டும் உருக்கி, உறுப்பை அதனுள் நகர்த்தவேண்டும். கோலை எடுத்த பின்னும் பற்றாசு உறையும்வரை பிடித்த கை அசையலாகாது. ஒரு முனை நிலைத்துவிட்டால் மறுமுனை எளிது.

புதியோர் அஞ்சுவது கை நடுக்கத்தை. வேலையைக் கெடுப்பதோ பெரும்பாலும் இளக்கியின் குறைவு. செம்பின்மேல் படிந்த களிம்பு நீங்காவிடில், உருகிய பற்றாசு தாமரையிலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும். நீங்கினால் செம்பைத் தழுவிப் பரவும். இரு முனைகளிலும் பற்றாசு ஒருங்கே உருகியிருப்பின், அதன் பரப்பு இழுவிசை சற்றே கோணிய உறுப்பையும் இழுத்து நேராக்கும்! கால்கள் நெருங்கிய சில்லில் இரு கால்களுக்கிடையே பற்றாசு பாலமிடுவதும் உண்டு. அப்போது இளக்கி தோய்ந்த செப்புப் பின்னலை அதன்மேல் வைத்துச் சூடேற்றினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மிகுதி அதனுள் ஏறிவிடும்.

காரீயம் நஞ்சு, இளக்கியின் புகையும் மூச்சுக்கு ஆகாது. ஆதலின் சாளரத்தைத் திறந்துவைத்தே வேலை செய்தல் வேண்டும்; கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. முடிந்த இணைப்பை உருப்பெருக்கியால் நோக்கினால், பற்றாசு உறுப்பின் முனையிலிருந்து திட்டுவரை வழவழப்பாகச் சரிந்திருக்கக் காணலாம். உருண்டு திரண்டு நின்றால், மீண்டும் இளக்கியிட்டுச் சூடேற்றவேண்டியதுதான்.