வலி என்னும் காவலன்

கொல்லிமலைப் பாதையில் வெறுங்காலுடன் நடப்பவனுக்கு முள் ஒன்று தைக்கிறது. சற்று நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே உரோம நாட்டு அறிஞர் செல்சஸ் குறித்து வைத்தார். இந்நிலைக்கு அழற்சி என்று பெயர்.

அழற்சி என்பது உடல் தன்னைக் காக்க நடத்தும் போர். நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து குருதி மிகுதியாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. குழாய்களினின்று நீர் கசிவதால் வீக்கம் உண்டாகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலி எழுகிறது. வெள்ளணுக்கள் வெளிப்போந்து கிருமிகளை விழுங்குகின்றன. மாண்ட வெள்ளணுக்களும் கிருமிகளும் சிதைந்த திசுவும் சேர்ந்ததே சீழ்.

சில நாளில் தணிவது கடும் அழற்சி. மாதக்கணக்கில் நீடிப்பது நாட்பட்ட அழற்சி. இதில் திசு சிதைவதும் தழும்பு நார் வளர்வதும் ஒருங்கே நிகழும். மூன்றாவது, நாட்பட்டதன் ஒரு பிரிவு: காசநோயிலும் தொழுநோயின் ஒரு வகையிலும் வெள்ளணுக்கள் கிருமியைச் சூழ்ந்து சிறு முடிச்சுகளாகத் திரளும். தொழுநோயில் இப்போர் நரம்பிலேயே நடப்பதால் உணர்ச்சி அற்றுப்போகிறது.

நான் ஆசிரியனாயிருந்தபோது மாணவன் ஒருவன், சுடுகலத்தைப் பற்றி உள்ளங்கை கொப்புளித்திருந்தும், முகம் சுளியாது எழுதிக்கொண்டிருந்தான். "நெஞ்சுரம் மிக்கவன்" என்று வகுப்பறியப் பாராட்டினேன். அது உரமன்று, உணர்வின்மை என்பதைப் பின்னரே அறிந்தேன். அவனுக்கு அன்று வேண்டியிருந்தது என் பாராட்டன்று, மருத்துவம்.

இவ்வுண்மையை உலகுக்கு விளக்கிய டாக்டர் பால் பிராண்ட், 1914இல் இதே கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால் பேணப்படாத காயங்களே அவற்றைத் தேய்த்துக் குறைக்கின்றன என்று அவர் காட்டினார்.

வலி போயினும் மற்ற மூன்று குறிகளும் எஞ்சி நிற்கும். நம் கருநிற மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே சூடே நம்பத்தக்க அடையாளம். உணர்வு குன்றிய கால்களை நாள்தோறும் தொட்டுப் பார்த்து, ஓரிடம் மட்டும் சுடுமாயின் அதற்கு ஓய்வளித்தல் வேண்டும்.

மேனியில் வெளிறிய தேமல் கண்டு, அதில் தொடுவுணர்வு குறைந்திருந்தால் மறைக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள். தொழுநோய்க்குரிய கூட்டு மருந்து அங்கே விலையின்றிக் கிடைக்கிறது. நரம்பு கெடுமுன் உண்டால் ஊனமின்றிக் குணமடையலாம். உங்கள் அருகில் அமர்ந்திருப்பவன் வலியறியாது எழுதிக்கொண்டிருந்தால், என்போல் பாராட்டி நின்றுவிடாதீர்கள். அவன் கையைத் தொட்டுப் பாருங்கள்.