எந்தப் பதிப்புக்கு மாறுவது? பழைய மென்பொருளுக்குள் இருக்கும் சாட்சியங்கள்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பிறகு 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம். இந்த விபரங்களின் பிரதிகளைச் சிறிய அமைப்புகளும் வைத்திருக்கின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் பார்த்தவரை, யாரோ ஒரு தொண்டர் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எழுதிக்கொடுத்த மென்பொருளில்தான் அவை கிடக்கின்றன. எழுதியவர் பெரும்பாலும் இப்போது நாட்டில் இல்லை.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. புதுக் கணினி வாங்கும்போது அந்த மென்பொருளையும் புதுப்பிக்கவேண்டி வரும். எந்தப் பதிப்புக்கு என்பதுதான் கேள்வி.

இவற்றில் பல மைக்ரோசொஃப்டின் டொட் நெட் பிரேம்வேர்க் மேல் ஓடுபவை. அதன் 4.5.2, 4.6, 4.6.1 பதிப்புகளுக்கான ஆதரவு 2022 ஏப்ரலில் முடிந்தது. 4.8, 4.8.1 விண்டோஸின் ஒரு பகுதியாகவே தொடர்கின்றன. புது வசதி எதுவும் வராது, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ‘பிரேம்வேர்க்’ என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் டொட் நெட் என்று வருவது வேறு கிளை. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பதிப்பு. டொட் நெட் 8இன் ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. 2025இல் வந்த 10க்கு 2028 நவம்பர் வரை.

நிரலாளர் இல்லாத அலுவலகத்துக்கு 4.8 போதும் என்பது என் அபிப்பிராயம். 4.5இலிருந்து அங்கே போவது பொதுவாகச் சின்ன வேலை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் புதுக் கிளைக்குப் போகலாம். அப்படிப் போனால் 10க்கே போங்கள்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய மென்பொருள்கள் சில, தரவைப் பைனரி ஃபோர்மற்றர் என்ற முறையில் கோப்பாக்கின. பாதுகாப்புக் காரணத்துக்காக டொட் நெட் 9இலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். மாறிய பிறகு மென்பொருள் திறக்கும், ஆனால் அந்தக் கோப்புகளை வாசிக்காது. ஆகவே பழைய மென்பொருள் ஓடும்போதே எல்லாப் பதிவுகளையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துவிடவேண்டும்.

பாமினியில் தட்டச்சு செய்திருந்தால் இன்னொரு சிக்கல். திரையில் ‘அ’ என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கில ‘எம்’. எந்தப் பதிப்புக்குப் போனாலும் இது தானாக மாறாது. யூனிகோடில் பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்றே வரும். ஒரு தாய் வந்து மகனின் பதிவைக் கேட்கும்போது அந்த ‘இல்லை’யின் அர்த்தம் வேறு. மாற்றிய பிறகு பெயர்களையும் முதலெழுத்துகளையும் ஒருவர் கண்ணால் சரிபார்க்கத்தான் வேண்டும்.

மனித உரிமைப் பதிவுகளுக்காகவே பெனிடெக் நிறுவனம் உருவாக்கிய மார்டஸ் மென்பொருள்கூட 2018இல் கைவிடப்பட்டது. நிதியுள்ள அமைப்புகளுக்கே அந்த நிலைமை.

பதிவுகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துவரும்வரை பழைய கணினியை விற்கவோ போமற் பண்ணவோ வேண்டாம். வெளியே எடுத்த பிரதியைக் கடவுச்சொல்லோடு பூட்டி, இன்னொரு வன்தட்டில், இன்னொரு வீட்டில் வையுங்கள்.