இங்கிலாந்தின் கவுன்சில் வீடுகள்: விதி மாறும்போது வரிசையில் நிற்பவர் நிலை என்ன?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பர் நம் பெரியோர். அந்தத் தனி வளைக்காக இங்கிலாந்தில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் தனியாட்களும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றனர். இது 2024-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, குரோய்டன் போன்ற இலண்டன் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் இந்த வரிசையில் உண்டு. அங்கிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர், "லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்", "பேண்டைக் குறைத்துவிட்டார்கள்" என்று கலங்கும்போது, ஊரில் இருக்கும் நமக்கு அது முழுமையாக விளங்குவதில்லை. எட்டு ஆண்டு காத்திருந்த ஒருவரை ஒரே கடிதத்தில் எப்படி வெளியேற்ற முடியும்? அவர் ஏதேனும் தவறு செய்தாரா? பெரும்பாலும் இல்லை. அவர் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார், விதி நகர்ந்துவிட்டது.

கவுன்சில் வீடு என்று நம் மக்கள் சொல்வது, உள்ளாட்சி மன்றமோ இலாப நோக்கமற்ற வீட்டுவசதிச் சங்கமோ குறைந்த வாடகைக்குத் தரும் வீடு. சந்தை வாடகையோடு ஒப்பிட்டால், குறிப்பாக இலண்டனில், இந்த வாடகை மிகவும் குறைவு. வீட்டுக்காரர் நினைத்தபோது காலி செய்யச் சொல்வார் என்ற அச்சமும் இல்லை. ஆகவே ஒருமுறை கிடைத்துவிட்டால் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு முதல் பெற்றோரின் முதுமை வரை எல்லாவற்றுக்கும் ஒரு நிலைத்தன்மை வந்துவிடுகிறது. ஆனால் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்கே வீடுகளை விலை குறைத்து விற்க வழி செய்தது. அதன்பின் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் கைமாறிவிட்டன. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. இப்போது ஆண்டுதோறும் புதிதாகக் குடியமர்த்தக் கிடைப்பவை சுமார் இரண்டரை இலட்சம் வீடுகளே. இந்தச் சிறு அப்பத்தை யாருக்கு முதலில் பிட்டுக் கொடுப்பது என்பதுதான் முன்னுரிமை விதிகளின் வேலை.

இதற்கான அடிப்படைச் சட்டம் 1996-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். வீடற்றோர், சுகாதாரமற்ற அல்லது நெரிசல் மிகுந்த வீட்டில் வாழ்வோர், நோய், ஊனம் போன்ற காரணங்களால் இடம்பெயர வேண்டியோர், குறிப்பிட்ட இடத்துக்குப் போகாவிட்டால் கடும் துன்பத்துக்கு ஆளாவோர் ஆகியோருக்கு "நியாயமான முன்னுரிமை" தரவேண்டும் என்று அது கூறுகிறது. யாருக்கு எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை ஒவ்வொரு மன்றமும் தன் திட்டத்தில் வகுத்துக்கொள்ளலாம். இதனால் ஒரே தெருவின் இரு பக்கங்களும் இரு மன்றங்களுக்கு உட்பட்டிருந்தால், ஒரே மாதிரித் துன்பத்துக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கும். (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குச் சட்டமே வேறு. நாம் இங்கே பேசுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும்.)

பல மன்றங்கள் விண்ணப்பதாரரை ஏ, பி, சி, டி என்று பேண்டுகளாக, அதாவது அடுக்குகளாகப் பிரிக்கின்றன. காலியாகும் வீடுகளை அவ்வப்போது இணையத்தில் வெளியிடுவார்கள். விருப்பமுள்ளோர் 'பிட்' செய்யவேண்டும். ஏலத்துக்குரிய இச்சொல்லைக் கேட்டு, பணம் கூடுதலாகக் கேட்டவருக்கே வீடு என்று எண்ணிவிடுவோர் உண்டு. அப்படியல்ல. "இந்த வீடு எனக்கு வேண்டும்" என்று கை உயர்த்துவது மட்டுமே அது. கை உயர்த்தியோரில் மேல் அடுக்கில் இருப்பவருக்கு வீடு. ஒரே அடுக்கில் பலர் இருந்தால் முன்பே பதிந்தவருக்கு.

இந்தத் தேதியில்தான் பலரும் அறியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவர் சி அடுக்கில் ஒன்பது ஆண்டு காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் முற்றியதால் அவரை பி அடுக்குக்கு உயர்த்துகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பல மன்றங்களில் அவருடைய காத்திருப்பு பி அடுக்கில் சேர்ந்த நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். ஒன்பது ஆண்டுகள் கணக்கில் வராது. ஏற்கெனவே பி அடுக்கில் இருப்போரின் வாலில்தான் அவர் போய் நிற்பார். அதேபோல், மன்றம் தன் திட்டத்தையே திருத்தி ஐந்து அடுக்குகளை மூன்றாகச் சுருக்கினால், யாருடைய பழைய தேதியை ஏற்பது, யாருடையதை விடுவது என்ற கேள்வி எழும். மேலோட்டமாகப் பார்த்தால் அலுவலக ஒழுங்குபடுத்தல் போன்ற இந்தச் சிறு வரிதான் ஒரு குடும்பத்தை ஐந்தாம் இடத்திலிருந்து ஐந்நூறாம் இடத்துக்குத் தள்ளும்.

பெரிய மாற்றம் 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தோடு வந்தது. அதுவரை, குடியேற்றச் சட்டத்தின்படித் தகுதியற்றோர் போன்ற சிலரைத் தவிர, பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் பட்டியலில் பெயர் பதியலாம். புதிய சட்டமோ, யார் தகுதியுள்ளவர் என்று முடிவெடுக்கும் உரிமையை மன்றங்களிடமே கொடுத்தது. மன்றங்கள் தாமதிக்கவில்லை. தன் எல்லைக்குள் இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, சில இடங்களில் பத்து ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றன. குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் இருந்தால் கூடாது, சேமிப்பு இருந்தால் கூடாது, வாடகைப் பாக்கி இருந்தால் கூடாது என்றன. இலண்டனின் ஹாமர்ஸ்மித் மற்றும் புல்ஹாம் மன்றம் தன் பட்டியலின் பெரும்பகுதியை ஒரேயடியாக நீக்கியது.

விளைவை எண்களில் பார்ப்போம். 2012-இல் இங்கிலாந்து முழுவதும் காத்திருந்தோர் சுமார் 18.5 இலட்சம். 2018-இல் அது சுமார் 11 இலட்சம். ஆறே ஆண்டுகளில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தனர்! அவ்வளவு பேருக்கும் வீடு கிடைத்துவிட்டதா? இல்லை. அந்த ஆண்டுகளில் வீடுகள் அந்த அளவுக்குப் பெருகவும் இல்லை. காய்ச்சல் குறையவில்லை, வெப்பமானியின் கோடுகளைத்தான் மாற்றி வரைந்தார்கள். பட்டியல் குறைந்ததைச் சாதனையாகக் காட்டியவர்களை நாம் எளிதில் ஏற்கமுடியாது. நீக்கப்பட்டவர்கள் அதே நெரிசலான அறைகளில், அதே ஈரம் படிந்த சுவர்களுக்குள்தான் இருந்தார்கள். கணக்கில்தான் இல்லை.

எனினும் மன்றங்களின் பக்கத்தையும் நாம் கேட்கவேண்டும். வீடு கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒருவரைப் பத்து ஆண்டுகள் பட்டியலில் வைத்திருப்பது அவருக்குப் பொய் நம்பிக்கை தருவதாகாதா என்று அவர்கள் கேட்கிறார்கள். நீண்டகாலமாக அவ்வூரில் வாழ்ந்து, வேலை செய்து, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரின் பிள்ளைக்கு அங்கேயே வீடு கிடைக்கவேண்டாமா என்பதும் நேர்மையான கேள்வியே. தேவை பெரிதா, காத்திருப்பு பெரிதா? இதற்கு எளிய விடை இல்லை. தமிழர் நிறைந்த நியூஹாம் மன்றத்தின் திட்டம் பற்றிய வழக்கு அந்நாட்டின் உச்ச நிலை வரை போனது. அங்கே முன்னுரிமைக்கு உரியோரை, பெரும்பாலும் காத்திருந்த காலத்தை வைத்தே வரிசைப்படுத்தினார்கள். ஒரு வீட்டில் பல நோயாளிகள் இருந்தால் கூடுதல் இடம் வேண்டாமா என்பது வழக்கு. 2009-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மன்றத்தின் பக்கமே தீர்ப்பளித்தனர். பற்றாக்குறையான வீடுகளைப் பங்கிடும் முறையை நீதிமன்றம் எளிதில் மாற்றி எழுதக்கூடாது என்பது அவர்கள் நிலை.

அதற்காக மன்றங்கள் எதையும் செய்யலாம் என்பதும் அல்ல. 2014-இல் ஹாமர்ஸ்மித் மன்றத்துக்கு எதிரான வழக்கில், தற்காலிக வீட்டில் வைக்கப்பட்டுள்ள வீடற்றோரைப் பட்டியலுக்கே வரவிடாத விதி சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. சட்டமே முன்னுரிமை கொடுத்த பிரிவினரை மன்றம் தகுதி என்ற பெயரில் வெளியே தள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

2015-இல் ஈலிங் மன்றத்தின் வழக்கு நம் மனத்தை இன்னும் ஆழமாகத் தொடும். இல்ல வன்முறைக்கு ஆளாகிப் பிள்ளைகளோடு தப்பி வந்த ஒரு தாய் அவர். அவரிடம், "நீங்கள் இங்கே ஐந்து ஆண்டு வாழ்ந்தவர் அல்ல" என்றது மன்றம். ஐந்து ஆண்டு ஒரே இடத்தில் அமைதியாக வாழ முடிந்திருந்தால் அவர் ஏன் ஓடிவரப் போகிறார்? அந்த விதி அவரைப் போன்ற பெண்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019-இல் ஹில்லிங்டன் மன்றத்தின் பத்தாண்டு வசிப்பு விதிக்கும் இதே கதி. குர்து இனத்தைச் சேர்ந்த ஓர் அகதியும், ஊர் ஊராகச் சென்று வாழும் அயர்லாந்து நாடோடி இனத்தவரும் தொடுத்த வழக்குகள் அவை. அகதி என்பவர் அண்மையில் வந்தவராக இருப்பதே இயல்பு. நாடோடி ஓரிடத்தில் பத்து ஆண்டு தொடர்ந்து இருப்பது அரிது. எல்லாருக்கும் ஒரே விதி என்று சொன்னாலும், அதன் சுமை சிலர் தலையில் மட்டும் விழுகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. ஈழத்திலிருந்து ஏதிலியராகச் சென்று அங்கே வேரூன்றிய நம் உறவுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தீர்ப்புகளுக்குப் பின் மைய அரசும் சற்று இறங்கி வந்தது. முன்னாள் படைவீரர்களை உள்ளூர்த் தொடர்பு இல்லை என்று ஒதுக்கக்கூடாது என 2012-இலேயே விதி இருந்தது. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுக் கால வரம்பு இருந்தது. எல்லாப் படைவீரருக்கும், இல்ல வன்முறைக்கு ஆளானோருக்கும், அரசுப் பராமரிப்பில் வளர்ந்து வெளியேறும் 25 வயதுக்குட்பட்ட இளையோருக்கும் இச்சலுகை விரிவாக்கப்படும் என்று 2024 செப்டம்பரில் பிரதமர் கீர் ஸ்டார்மர் அறிவித்தார். படைவீரருக்கு 2024 இறுதியிலும், மற்ற இரு பிரிவினருக்கு 2025-இலும் அது விதியாயிற்று. அகதிகளுக்கு இத்தகைய பொது விலக்கு அதில் இல்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். மேலும் இவ்விலக்கு வாசலைத் திறக்கிறதே தவிர வீட்டைத் தந்துவிடாது. உள்ளே வந்தபின் அவர்களும் அதே அடுக்குகளில் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது காத்திருக்கும் குடும்பங்களுக்கு வருவோம். மன்றம் தன் திட்டத்தைப் பெரிதாக மாற்றினால், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அதைத் தெரிவிக்க நியாயமான முயற்சி செய்யவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திட்டத்தின் சுருக்கத்தைக் கேட்போருக்கு இலவசமாகக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். அல்லது ஆங்கிலக் கடிதத்தை அம்மா பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பார். பல மன்றங்கள் விண்ணப்பத்தை அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்கின்றன. பதில் வராவிட்டால் பெயரை நீக்குகின்றன. விதி மாற்றத்தின்போது எல்லாரையும் மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்வதும் உண்டு. தகுதி இருந்தும் இப்படி வெளியேறியோர் நம் மக்களிடையே உண்டு. ஆகவே பிள்ளைகள் வாரம் ஒருமுறையாவது பெற்றோரின் தபால்களையும் மின்னஞ்சலையும் பார்ப்பது நல்லது. குழந்தை பிறந்தாலோ, மருத்துவர் புதிய நோயைக் கண்டறிந்தாலோ உடனே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். தெரிவித்த நாள்தான் பின்பு அடுக்கின் தேதியாகக்கூடும்.

பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் கிடைத்தால் வீடு கிடைத்துவிடும் என்று நம்பி நம்மிடம் வருவோரும் உண்டு. அக்கடிதம் அடுக்கை உயர்த்தாது. குடும்பம் எவ்வளவு காலமாக அங்கே வாழ்கிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று நேரில் கண்டதைச் சொல்லும் சான்றாக இருந்தால் ஓரளவு பயன்படும். மருத்துவரின் கடிதமும் "இவர் நோயாளி" என்று மட்டும் சொன்னால் போதாது. இப்போதுள்ள வீடு அந்த நோயை எவ்வாறு மோசமாக்குகிறது என்று சொல்லவேண்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்குப் பூஞ்சை பிடித்த சுவர், முழங்கால் நொந்த பாட்டிக்கு நான்காம் மாடி என்று விளக்கமாக இருக்கவேண்டும்.

தகுதியில்லை என்று கடிதம் வந்தால் அழுதுகொண்டு ஓய்ந்துவிட வேண்டியதில்லை. காரணத்தை எழுத்தில் தரவேண்டியது மன்றத்தின் கடமை. அம்முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பது விண்ணப்பதாரரின் சட்ட உரிமை. அதற்கான கெடு பொதுவாக 21 நாள், கடிதத்திலேயே போட்டிருப்பார்கள். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்', 'ஷெல்டர்' போன்ற அமைப்புகள் கட்டணமின்றி வழிகாட்டும். மன்றம் தன் விதியையே தான் பின்பற்றாமல் காலந்தாழ்த்தியிருந்தால் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விதியே பாகுபாடானது என்றால்தான் நீதிமன்றம். அதற்கு மூன்று மாதத்துக்குள், அதுவும் கூடிய விரைவில், வழக்கறிஞரைப் பார்க்கவேண்டும். ஈலிங்கிலும் ஹில்லிங்டனிலும் வழக்குத் தொடுத்தவர்கள் வசதி படைத்தோர் அல்லர். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒருவரிடம் காட்டியவர்கள்.