இரண்டு துறைகளையும் ஒரே பட்டத்தில் படிக்க முடியுமா?

உயர்தர வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் ஆரையம்பதியில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எந்தப் பாடநெறி, எந்த வளாகம், படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? என் அக்காவின் மகள் கணிதப் பிரிவில் சித்தியடைந்தவள். சிறுவயதிலிருந்து வீணையும் படிக்கிறாள். “மாமா, ரெண்டையும் சேர்த்துப் படிக்க ஏலாதா?” என்று கேட்டாள். வேறு பிள்ளைகளும் இதைக் கேட்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பௌதிகத்தையும் இசையையும் இரண்டு முதன்மைப் பாடங்களாக எடுக்க வழியுண்டு. வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்வது அதைத்தான். இங்கே அமைப்பு வேறு. உயர்தரப் பிரிவும் இசட் புள்ளியும் எந்தப் பீடம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுகின்றன. பீடத்துக்குள் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் படிக்கலாம். பீடம் தாண்டுவது கடினம். விஞ்ஞான பீடம் வந்தாறுமூலையில். இசை, நடனம் எல்லாம் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில். இரண்டும் கிழக்குப் பல்கலைக்கழகம்தான், ஆனால் அனுமதி தனித்தனி.

நேரக் கணக்கையும் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப் புள்ளிகள், நான்கு வருடம். ஒரு புள்ளிக்கு விரிவுரை, செய்முறை, சுயபடிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். அதாவது வருடத்துக்கு 1500. இரண்டு பட்டமென்றால் 3000. பொங்கலும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை என்று வைத்தாலும் தினமும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல். ஆரையம்பதியிலிருந்து வந்தாறுமூலைக்குப் போய்வரும் பஸ் நேரம் இதில் சேராது.

ஆனாலும் இரண்டு துறை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்து விபுலாநந்த அடிகள், 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே வருடம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பின்னர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். விஞ்ஞானம் படிப்பித்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தில் வரும் யாழை நரம்புகளின் விகிதக் கணக்கோடு ஆராய்ந்த அவரது ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. அவருடைய இரண்டு படிப்பும் ஒரே சான்றிதழில் இல்லை. இரண்டையும் வேறு வேறு இடத்தில் பெற்று, முப்பது வருடம் கைவிடாமல் வைத்திருந்தார். எல்லாரும் விபுலாநந்தராக முடியாதுதான். அந்த வழியில் நடப்பதற்கு அவராக இருக்கவேண்டியதில்லை.

மருமகளுக்கு நான் சொன்னதும் அதுதான். பட்டத்துக்கு விஞ்ஞானம். வீணைக்கு வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இருக்கின்றன. ஆறாம் தரம் சித்தியடைந்தால் ‘கலாவித்தகர்’. மாறாக, இசைப் பட்டத்தைத் தெரிந்தவர் பின்னர் திறந்த பல்கலைக்கழகத்தில் கணிதமோ கணினியோ படிக்கலாம். மட்டக்களப்பில் அதற்கு நிலையம் உண்டு.

அக்காவின் கவலை வேறு. 1990இல் அவர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். இடம்பெயர்வோடு புத்தகமும் போயிற்று. அந்த வருடம் வந்தாறுமூலை வளாகமே அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேருக்கு என்ன நடந்ததென்று அவர்களின் வீட்டாருக்கு இன்றும் பதிலில்லை. அந்த வளாகத்துக்கு மகளை அனுப்புவதே அக்காவுக்குப் பெரிய காரியம். “படிப்பைத் தொடங்கினா முடிக்கோணும் தம்பி, இழுபடக் கூடாது” என்றார். ஒரு வருடம் பிந்தினால் என்ன என்று கேட்பவர்கள், வருடங்களைப் பறிகொடுத்த வீடுகளில் இருந்து பார்த்ததில்லை. ஒரு பட்டம் நேரத்துக்கு முடியட்டும் என்று நான் சொல்வதில் பாதி அக்காவுக்காக.

முதல் வருடத்தில் இரண்டாவது துறையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞான பீட விரிவுரைகள் ஆங்கிலத்தில். தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு அதுவே ஒரு மூன்றாவது பாடம். வேறு நிறுவனத்தில் பதிவதற்கு முன், பதிவை இரண்டிடத்தில் வைத்திருக்க விதி இடம்கொடுக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள்.