கிடாருக்குத் தந்தி வாங்கப் போகிறீர்களா?

விம்கோ நகர்வாசிகளுக்குத் துருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடற்காற்று ஜன்னல் கம்பி, பூட்டு, சேஃப்டி பின் எதையும் விட்டு வைப்பதில்லை. பெண் ஆசையாக வாசிக்கிற எலெக்ட்ரிக் கிடாரின் தந்தி மட்டும் தப்புமா? எங்கள் வீட்டில் மாட்டிய இருபதாம் நாளே கறுத்து, நாதம் மங்கி, விரலைக் கீற ஆரம்பித்துவிடும். "கை வலிக்குதும்மா" என்று குழந்தை கிடாரை மூலையில் சாத்தினால், சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீர்கள். தந்தியை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

2021-லிருந்து இங்கிருந்தே மெட்ரோ ஓடுகிறது. அண்ணா சாலையில், 1842-ல் தொடங்கிய மியூஸி மியூஸிகல் போன்ற கடைகளுக்கே போய்க் கேட்டு வாங்கலாம். "எலெக்ட்ரிக் கிடாருக்கு" என்று அழுத்திச் சொல்லுங்கள். சாதா கிடாருக்கான வெண்கலத் தந்தி பொன்னிறமாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எலெக்ட்ரிக் கிடாரில் தந்திக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. காந்தம் இழுக்கிற உலோகம் அதிர்ந்தால்தான் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வெண்கலம் காந்தத்தில் ஒட்டாதே! தடித்த தந்திகள் சோனியாகக் கேட்கும். (மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், 1969–2014, கர்நாடக சங்கீதம் வாசித்ததும் எலெக்ட்ரிக் மாண்டலினில்தான். "நம்ம வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிற பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்!)

பெரும்பாலோர் வாங்குவது நிக்கல் பூசிய எஃகு. நாதம் நன்று, விலையும் மிதம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் பாத்திரங்களைப் போலவே, துருவை நன்றாகத் தாங்கும், ஒலியும் கணீரென்றிருக்கும். ஆனால் கடினம் அதிகம் என்பதால் கிடாரின் மெட்டுகளைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மெல்லிய பாலிமர் பூச்சுள்ள தந்தி விலை கூடுதல்தான்; நாதம் லேசாக மழுங்கியதுபோல் சிலருக்குத் தோன்றும். இருந்தாலும் அடிக்கடி மாற்றுகிற செலவைக் கணக்குப் பார்த்தால், எங்கள் பக்கத்துக் காற்றுக்கு என் ஓட்டு இதற்கே.

உறையில் 9, 10 என்று போட்டிருக்கும். மிக மெல்லிய தந்தியின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்று அர்த்தம். பிஞ்சு விரலுக்கு 9 போதும். வலித்து இழுத்து அடிக்கடி அறுக்கிற பிள்ளைக்கு 10.

எந்தத் தந்தியானாலும் வாசிக்குமுன் கை கழுவித் துடைக்கட்டும். வாசித்தபின் பழைய வேட்டித் துணியால் தந்திகளை அடியிலும் சேர்த்துத் துடைத்து, பைக்குள் வைக்கட்டும். வியர்வையிலும் உப்புதானே! ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்ப அறுந்தால் தந்தியைக் குறை சொல்லாமல், அது உட்காருகிற இடத்தில் பிசிறு இருக்கிறதா என்று பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மாற்றும்போது வெட்டுகிற துண்டுகள் ஊசி மாதிரி. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் உடனே பொறுக்கி, காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.